வேலி தாண்டிய சுவர்

சுபாஸ்கரன் அத்தானுக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது பலகைக்குத்தான். பொலிசுக்குப் பயமில்லை, மைனஸ் முப்பது குளிருக்குப் பயமில்லை, என் அக்கா ஜெகதீஸ்வரிக்குக்கூடப் பயமில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படிச் சொல்லக்கூடிய ஆண் அவர் ஒருவர்தான். ஆனால் புல்லுக்கு நடுவே அரசாங்கத்து எழுத்தோடு ஒரு பலகை நின்றால், அந்த மனிதர் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் நடப்பார்.

அவரைப் பற்றி எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவரும் விரும்ப மாட்டார். 2003ஆம் ஆண்டுக் கோடையில் அவர் செய்ததை எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டும் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டால் பத்திக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் 1960இல் மூதூருக்குத் தெற்கே வயல் செய்யும் ஒரு கமக்காரர் வீட்டில் பிறந்தார். 1987இல் மொன்றியலுக்கு வந்து, செயின்ட்-மிஷேலில் ஆறு பேர் இருந்த அறையில் ஏழாவது ஆளாகப் படுத்தார். கொஞ்சக் காலம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்தது. அக்காவைக் கட்டினார். பிள்ளைகள் இல்லை. நான் பதினைந்து வயதில் வந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால், அவர்கள் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் வாசிப்பது என் தலையில் விழுந்தது. நான் மொன்றியலுக்குள்ளேயே வில்லரேயில் இருந்தேன். அவர்கள் எங்கே இருந்தாலும் நான்தான் போகவேண்டும்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு துண்டுக் காணி. வீடு பார்க்கப் போனால் மற்றவர்கள் குசினியைப் பார்ப்பார்கள், குளியலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். அத்தான் நேரே பின்வளவுக்குப் போய்ப் பனியைச் சப்பாத்துக் காலால் கிளறிப் பார்ப்பார். தரகர்கள் அவரை ஒரு மாதிரி என்று நினைத்திருப்பார்கள்.

2001 பெப்ரவரியில் ஒரு வீடு சரிவந்தது. அக்காவுக்கு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்குக் கிட்ட இருக்கவேண்டும். அங்கிருந்து காரில் பத்து நிமிடம். சின்ன வீடு, பெரிய பின்வளவு. வளவின் முடிவில் இடுப்பளவு கம்பி வேலி, வேலிக்கு அப்பால் வெறும் பனி வெளி. அது பூங்காவாக இருக்கும் என்று தரகர் சொன்னார். ஏப்ரலில் பனி கரைந்தது. வெளிக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு பலகை வெளியே வந்தது.

அத்தான் தொலைபேசி எடுத்து, அதிலிருந்த பிரெஞ்சை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

“தொல்பொருள் இடம், பாதுகாக்கப்பட்டது எண்டு எழுதியிருக்கு, அத்தான்.”





“எங்கட காணியையும் சேர்த்தோ?”

“இல்லை. வேலிக்கு அங்கால மட்டும்தான்.”

“இப்போதைக்கு,” என்றார்.

அங்கே கிடந்தது ஒரு பழைய கமம். பிரெஞ்சுக்காரர் வந்து காடு வெட்டி விதைக்கத் தொடங்கிய காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குடும்பம் கட்டிய வீட்டின் கல் அத்திவாரம், தூர்ந்துபோன ஒரு கிணறு, மாட்டுக் கொட்டில் நின்ற தடம். எல்லாம் புல்லுக்கு அடியில். மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை, நாய் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் மட்டும்தான். ஆனால் அத்தான் அந்த வருடமும் அடுத்த வருடமும் பனி கரைந்ததும் செய்த முதல் வேலை, அளக்கும் நாடாவோடு போய்ப் பலகைக்கும் தன் வேலிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்ததுதான். பலகை தன்பாட்டில் நகரும் என்று அவர் நம்பினார். நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள்.

2003 மே மாதம் அக்கா பாகல் கொடி போடப் பந்தல் கேட்டாள். அத்தான் பந்தல் கால் நடக் கிடங்கு வெட்டினார். ஒன்றரை அடியில் மண்வெட்டி கல்லில் பட்டது. பக்கத்தில் வெட்டினார், அங்கேயும் கல். இன்னும் தள்ளி வெட்டினார். கல்லுகள் ஒன்றோடொன்று தோள் சேர்த்து, வேலியைப் பார்த்து நேராக ஒரு வரிசையில் கிடந்தன. மனிதர் உடனே நீலத் தறப்பாளை இழுத்து மூடிவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“உடன வா. போனிலை கதைக்கேலாது.”

மெட்ரோவிலும் பஸ்ஸிலும் ஒன்றரை மணித்தியாலம். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தறப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, செத்த வீட்டில் இருக்கிறமாதிரி இருந்தார். இரவு வேலை முடித்து வந்தவர், நித்திரை கொள்ளவில்லை. தறப்பாளைத் தூக்கிக் காட்டினார். எனக்குக் கல்லைப்பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அது யாரோ கட்டிய சுவர் என்பது எனக்கே தெரிந்தது.

“சிற்றி ஹோலிலை சொல்லுவம் அத்தான். அவை வந்து பாத்திட்டுப் போவினம்.”

“எங்கட அப்பாவும் இப்பிடித்தான் சொன்னவர்,” என்றார்.

பன்னிரண்டு வருடம் அவரோடு பழகியும் அவர் தகப்பனைப்பற்றி வாய் திறந்தது அன்றைக்குத்தான். அப்போது அத்தானுக்குப் பதினாலு வயது. தகப்பன் குளத்தோடு ஒட்டிய வயலை உழுதபோது கலப்பை ஒரு செதுக்கிய கல்லில் மாட்டியது. தகப்பனுக்குப் பெரிய சந்தோசம். வேட்டியை மாற்றிக்கொண்டு, சைக்கிளில் ஏழு மைல் ஓடி, ஊர் அதிகாரியான விதானையாரிடம் போய்ச் சொன்னார். ஒரு மாதத்தில் தொல்பொருள் பகுதியிலிருந்து பெரிய இடத்து ஆட்கள் வந்தார்கள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். அடுத்த வருடம் பலகை வரம்புக்கு வந்தது. அதற்கடுத்த வருடம் சுற்றி முள்ளுக்கம்பி. தகப்பன் ஐந்து வருடம் அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போனார், யாரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வயல் கம்பிக்குள்ளேயே காடாகிப் போனது.

“கம்பி அடிச்ச அண்டைக்கு நான் அப்பாட்டைச் சொன்னன், உங்கட வாய்தான் எங்கட வயலைத் திண்டது எண்டு. அதுக்குப் பிறகு அவரோடை நான் சரியாக் கதைக்கேல்லை. தொண்ணூற்றைஞ்சிலை செத்திட்டார்.”

அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது புதுக் கதை.

“இது கனடா, அத்தான்,” என்றேன்.

“காணி எல்லா இடத்திலையும் காணிதான்.”

அவருடைய யோசனை இதுதான். கல்லை எறிந்துவிடக் கூடாது, எறிந்தால் குற்றம். வைத்திருக்கவும் கூடாது, வைத்திருந்தால் காணி போகும். கல் அவர்களுடையது. ஆகவே அவர்கள் பக்கமே கிடக்கவேண்டும். வேலிக்கு அப்பால், ஏற்கெனவே பலகை நட்ட நிலத்துக்குள், அதே ஆழத்தில், அதே வரிசையில் இந்தச் சுவரைத் திரும்பக் கட்டிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லும் இல்லை என்றாகிவிடும்.

ஒரு கனடாக்காரன் என்றால் இதைக் கேட்டுத் தலையில் அடித்திருப்பான். எனக்கு அது முழு நியாயமாகப் பட்டது. அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டுகிறேன்.

பன்னிரண்டு நாள் எடுத்தது. பட்டப்பகலில்தான் செய்தார். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, தொழிற்சாலையில் கொடுத்த ஒறேஞ்ச் நிற மேலங்கியைப் போட்டுக்கொண்டு, வேலியின் ஒரு மூலையில் கம்பியைக் கழற்றி, தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போவார். ஒறேஞ்ச் மேலங்கி போட்டவனை இந்த நாட்டில் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். நாயோடு வந்த ஒரு கிழவர் ‘பொன்ஜூர்’ சொல்லிவிட்டு, வேலை எப்போது முடியும் என்று மரியாதையாகக் கேட்டுப் போனார். இரண்டு செவ்வாய்க்கிழமை நான் லீவு எடுத்துத் தள்ளுவண்டி பிடித்தேன். முதுகில் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு அந்த இரண்டு நாளும் என்னைவிட்டுப் போகவில்லை.

அவர் செய்த வேலையைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு கல்லையும் தூக்கும்முன் சுண்ணக்கட்டியால் மேல்பக்கத்தில் இலக்கம் போட்டார். எந்த முகம் மேலே இருந்ததோ அந்த முகமே மேலே. இரண்டு கல்லுக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி என்றால் அங்கேயும் இரண்டு விரல். புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சுருட்டி வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப விரித்துத் தண்ணீர் விட்டார். ஜூன் நடுவில் புல் பிடித்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கிடங்கை நிரவிப் பாகல் பந்தலும் போட்டாயிற்று. அந்தச் சுவர் புது இடத்திலும் நேரே எங்கள் வீட்டைப் பார்த்தபடிதான் கிடக்கிறது என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஜூலை முதல் கிழமை தொல்பொருள் ஆட்கள் வந்தார்கள். ஒரு பெண், இரண்டு மாணவர்கள். நிலத்தில் நூல் கட்டி, வயதானவர்கள் பிடித்து நடக்கும் சட்டம்போல ஒன்றை ஒவ்வொரு அடியாகக் குத்திக் குத்தி நடந்தார்கள். தோண்டவில்லை, நடந்தார்கள், அவ்வளவுதான். அத்தான் குசினி ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று நான்கு நாள் பார்த்தார். நித்திரை இல்லை. அக்கா சோற்றைப் போட்டு வைப்பாள், அது ஆறிப்போய்க் கிடக்கும். நான் விசாரித்துவிட்டுச் சொன்னேன், அது மண்ணுக்குள் மின்சாரம் விட்டுப் பார்க்கிற கருவி, கல் இருக்கிற இடம் படத்தில் கறுப்பாக விழும் என்று.

“கல் எவ்வளவு நாளாக் கிடக்கெண்டும் விழுமோ?”

“இல்லை.”

அவர் மூச்சு விட்டார். நானும்தான்.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண் கதவைத் தட்டினாள். பெயர் மிரெய். நாற்பது வயதிருக்கும், வெயிலில் மூக்குத் தோலுரிந்திருந்தது. அக்கா நான் வரும்வரை ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து அவளை இருத்தி வைத்திருந்தாள். அவள் சுருட்டி வைத்திருந்த படத்தை மேசையில் விரித்தாள். சாம்பல் நிறத் தாளில் ஒரு கறுப்புக் கோடு. வேலிக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றது. அவள் விரலால் அதே திசையில் இழுத்துக்கொண்டே போனாள். வேலியைத் தாண்டினாள், பந்தலைத் தாண்டினாள், எங்கள் குசினிப் படிக்கட்டில் வந்து நின்றாள். அத்தான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னதை நான் அத்தானுக்குத் தமிழில் சொன்னேன். ஆறு வருடமாக இந்தக் கமத்தைத் தேடுகிறார்கள். வீடு கிடைத்தது, கிணறு கிடைத்தது, கொட்டில் கிடைத்தது. ஆனால் கண்டெடுத்த வீட்டில் அடுப்பே இல்லை. இந்தக் குளிரில் அடுப்பில்லாமல் அந்தக் கமத்துப் பெண் ஏழு பிள்ளைகளோடு இருந்திருக்க முடியாது. அவர்கள் சமைத்த இடம், குளிர்காலத்தில் ஒடுங்கிப் படுத்த இடம், வேறெங்கோ இருக்கிறது. இந்தச் சுவர் அந்த அறையின் சுவர். உங்கள் வளவில் ஒரு சின்னத் துண்டைத் தோண்டிப் பார்க்க அனுமதி வேண்டும்.

“நான் மேலிடத்துக்கு உடனே எழுதிப் போட்டுவிட்டேன்,” என்றாள் மிரெய். அவள் முகம் முழுக்கச் சந்தோசம். “ஆறு வருடமாக ஒருவரும் என்னை நம்பவில்லை. இப்போது நம்புகிறார்கள்.”

அத்தான் யோசிக்க நாள் கேட்டார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இனி எப்படிப் பார்த்தாலும் வழியில்லை. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஓம் என்றால் தோண்டுவார்கள். தோண்டினால் அங்கே சுவர் இல்லை, புதிதாக நிரவிய கிடங்குதான் இருக்கும். வேலிக்கு அப்பால் தோண்டினால் கல்லில் இலக்கம்கூட அழியாமல் இருக்கும். அக்கா வீட்டை விற்றுவிட்டு ரொறன்ரோவுக்குப் போவோம் என்றாள். நான் வக்கீல் பார்ப்போம் என்றேன். அத்தான் தன்பாட்டில் அந்தக் கிழமை முழுக்க வேலைக்குப் போய் வந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பந்தல் காலுக்குக் கிடங்கு வெட்டியவன் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டானே என்று மனதுக்குள் மரியாதையில்லாமல் திட்டினேன்.

ஜூலை இருபத்துநான்காம் திகதி மிரெய் அனுமதிப் படிவத்தோடு வந்தாள். பேனாவை மூடி கழற்றி அத்தானுக்கு முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

“கல்லை எடுத்தது நான் எண்டு சொல்லு.”

அக்கா அடுப்படியில் திரும்பி நின்றாள். மிரெய் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டுக்கும் அந்த மொழிக்கும் நடுவில் நான் நின்றிருக்கிறேன், ஒருநாளும் ஒரு சொல்லை மாற்றியதில்லை. அன்றைக்கு மாற்றினேன்.

“இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்கிறார்,” என்றேன் பிரெஞ்சில்.

மிரெய் பரவாயில்லை என்று தாளைச் சுருட்டத் தொடங்கினாள். அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். பதினாறு வருடம் பிரெஞ்சுக்காரரோடு வேலை செய்தவருக்கு ஒரு கிழமை என்றால் என்னவென்று தெரியாதா?

“நீ ஏன்ரா பொய் சொல்லுறாய்?”

“உங்கட காணிக்காகத்தான், அத்தான்.”

“அவ சந்தோசமாப் போய் மேலிடத்திலை சொல்லியிருக்கிறா. அப்பாவும் அண்டைக்கு அப்பிடித்தான் சந்தோசமாப் போனவர்.”

அவர் எழும்பினார். “மதாம்,” என்றார். தன் நெஞ்சில் கையை வைத்தார். “லே பியெர். சே முவா.” கல்லுகள். நான்தான்.

அவளுக்கு விளங்கவில்லை. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். மூலைக் கம்பியைக் கழற்றி, அந்தப் பக்கம் போய், புல்லுச் சதுரம் ஒன்றைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினார். மண்ணை வழித்தார். முதல் கல் தெரிந்தது. அதன் மேல் வெள்ளைச் சுண்ணத்தில் ‘17’ என்று இருந்தது.

மிரெய் அப்படியே புல்லில் குந்திவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. சுவர் முதலில் எங்கே கிடந்தது என்று கேட்டாள், அவர் கூட்டிப்போய்க் காட்டினார். எந்தக் கல் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் வேகவேகமாக எழுதினாள், அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு, கல்லுக்குக் கீழே மண் என்ன நிறம் என்று கேட்டாள்.

“கறுத்த மண். சாம்பல் கலந்தது. ஒரு அடிக்கு மேலை இருந்தது. நல்ல பசளை எண்டு மிளகாய்க்குப் போட்டனான்.”

நான் அதைச் சொன்னேன். அவள் பேனாவை நிறுத்தினாள்.

“அதற்குள் வேறு ஏதும் இருந்ததா?”

“சின்னச் சின்ன எலும்பு. சட்டி ஓடு. கை வெட்டும் எண்டு பொறுக்கி எறிஞ்சிட்டன்.”

“எங்கே?”

“குப்பை லொறியிலை.”

அவள் மிளகாய்ப் பாத்திக்குப் போய் முழங்கால் ஊன்றி ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். யூரியாவும் மாட்டெருவும் போட்டுக் கொத்திக் கலந்த மண். “இதுதான் அவர்களுடைய அடுப்பு,” என்றாள். “இதைத்தான் ஆறு வருடம் தேடினேன்.” நான் அதை அத்தானுக்குச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கத்தில் எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

ஏன் என்று அவள் கேட்டாள். தகப்பனின் வயலையும் பலகையையும் நான் பிரெஞ்சில் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“இங்கே உங்கள் காணியை எடுத்திருக்க மாட்டோம்,” என்றாள். “இரண்டு கிழமை தோண்டியிருப்போம். படம் எடுத்து, மூடி, புல்லைப் பதித்துவிட்டுப் போயிருப்போம். நீங்கள் சம்மதிக்காவிட்டால் அதுவும் இல்லை.” பிறகு எழும்பி முழங்காலைத் தட்டினாள். “நான் அனுப்பிய படம் பொய்யாகிவிட்டது. நடந்ததை எழுதத்தான் வேண்டும்.”

“எழுதச் சொல்லு,” என்றார் அத்தான்.

அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. பெரிய இடத்து ஆட்கள் அவர் தகப்பனிடமும் இனிக்க இனிக்கத்தான் பேசியிருந்தார்கள். ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் போயிற்று. தினமும் வேலையால் வந்ததும் தபால் பெட்டியைப் பார்த்தார், பிறகு வேலிக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார். பாத்திக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டார். எடுக்கப்போகிற மண்ணுக்கு ஏன் தண்ணீர் என்று கேட்டார். அக்கா மட்டும் அவருக்குத் தெரியாமல் விட்டாள். வேலிக்கு அப்பால் வேறு இரண்டு பேர் வந்து கல்லுகளைப் படம் எடுத்துப் போனார்கள், மிரெய் வரவில்லை. அவள் அந்த வேலையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டாள் என்று வந்தவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னான். நான் அதை அத்தானிடம் சொன்னேன். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஒக்டோபரில் பதிவுத் தபால் வந்தது. நான் போகும்வரை அவர்கள் அதைப் பிரிக்கவில்லை, மேசை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் இருந்தார்கள். இரண்டு பக்கக் கடிதம். நான் முதல் பக்கத்தை ஓடி ஓடிப் பார்த்தேன்.

“காணி?” என்றார் அத்தான்.

“உங்கடைதான். ஒரு அடியும் போகேல்லை. அந்தத் துண்டுக்குள்ள ஆழமாத் தோண்டிறதெண்டால் முதல் அவைக்குச் சொல்லோணும், அவ்வளவுதான். தண்டமும் இல்லை. எச்சரிக்கை மட்டும்.”

அக்கா முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அத்தான் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்த வசனத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் தோள் இறங்கியது. அவ்வளவு நாளும் அவர் தோளைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“மிச்சத்தையும் வாசி.”

இரண்டாம் பக்கம், கோப்புக்காக நடந்ததைப் பதிந்தது. தமிழாக்கிக்கொண்டே போனேன். திரு. பூபாலப்பிள்ளை தன் காணியில் கண்ட எச்சங்களை அறிவிக்கவில்லை. திரு. பூபாலப்பிள்ளை அவற்றை அகற்றி ஒளித்தார். திரு. பூபாலப்பிள்ளை ஈடுசெய்ய முடியாத சேதம் விளைவித்தார்.

“ஆர் எண்டு போட்டிருக்கு?”

“பூபாலப்பிள்ளை எண்டு. நீங்கள்தான், அத்தான்.”

இந்த நாட்டில் எங்களுக்கு இப்படித்தான். தகப்பன் பெயர் கடைசிப் பெயராகி, வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் தகப்பனைத்தான் கூப்பிடுவார்கள், நாங்கள் எழும்பிப் போவோம். எல்லோருக்கும் பழகிவிட்டது. எனக்கு அது கண்ணில்கூடப் படவில்லை.

“அது அப்பா,” என்றார் அத்தான்.

கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதவர், ஆனால் அந்தப் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடினார். ஐந்து இடத்தில் இருந்தது.

“அப்பா ஒளிக்கேல்லை. அவர் கண்டவர், கண்ட உடன போய்ச் சொன்னவர். ஒளிச்சது நான்.”

“காணி தப்பினதே காணும். பேரிலை என்ன கிடக்கு, விடுங்கோவன்,” என்றாள் அக்கா.

அவர் விடவில்லை. அழுதார். சத்தம் போட்டு, மூக்கைத் துடைக்காமல் அழுதார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தரம்தான். பிறகு எழும்பிப் போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

“எழுது.”

“என்னெண்டு?”

“பூபாலப்பிள்ளை ஒண்டையும் ஒளிக்கேல்லை எண்டு எழுது.”

நான் அதைப் பிரெஞ்சில் எழுதினேன். கீழே அவர் தமிழில் ‘சுபாஸ்கரன்’ என்று மட்டும் கையெழுத்து வைத்தார்.